கல்லுக்கு அந்தப் பக்கம் நாயுருவி

எல்லைக்கல் வரைக்கும்தான் எனக்கு ஊர். மாரியம்மன் நோம்பிக்கு என் வீட்டுக்காரர் மாரப்பன் கையில் காப்புக் கட்டியதிலிருந்து எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் என் அம்மா கிடப்பது அந்த ஆத்தாளுக்குத் தெரியுமோ என்னவோ.

"நோம்பி முடியட்டும், போலாம். காப்புக் கட்டுன ஊட்ல இருந்துட்டு அடி எடுத்து வெச்சராத" என்று மாமியார் சுப்பாத்தாள் சொல்லிவிட்டார். அதுவரை அம்மா தாங்குவாளா?

ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறேன் என்று சாயங்காலம் கல் வரைக்கும் நடப்பேன். பார்த்ததையே பார்த்துச் சலித்துப்போனது. டீக்கடைச் சிலோன் ரேடியோ, வறட்டி தட்டிய சுவர், கள்ளுப்பானை தொங்கும் பனை, வாய்க்கால் ஓரத்து எருக்கு. அம்மன் ஊர்வலம் வரும் என்று இளவட்டங்கள் ஊருக்குள் தும்பை, குப்பைமேனி, நாயுருவி ஒன்று விடாமல் செதுக்கித் தள்ளியிருந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் மட்டும் நாயுருவி இடுப்புயரம் நின்றது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் பொள்ளாச்சி பஸ் அதை உரசிக்கொண்டு போகும். போ, நீயாவது போ என்று திட்டிவிட்டுத் திரும்புவேன்.

நேற்றுக் களத்துச் சாளைக் குடிசையில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போன என் வீட்டுக்காரர் இன்று விடிந்துதான் வந்தார். துவைக்க வேட்டியை எடுத்தால் கரை முழுக்க நாயுருவி விதை அப்பியிருந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"ஏனுங்க, ஊருக்குள்ள ஏதுங்க நாயுருவி? கல்லைத் தாண்டி எங்க போனீங்க? எனக்கு மட்டுந்தான் சாமி குத்தமுங்களா?"

"மெதுவாப் பேசு புள்ள, எங்கம்மாளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமுங்க!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்கம்மாளப் பாக்கத்தான் போனேன். ஆரும் பாக்காம காட்டு வழியா நடந்துபோயி பஸ் ஏறுனேன்."

வேட்டி கையிலிருந்து நழுவியது. "எப்புடி இருக்குதுங்க?"

"கண்ணு தெரியறதில்ல. என்னைய நீயின்னு நெனச்சுக் கையப் புடிச்சுட்டு உடவே இல்ல. வந்துட்டியா நாச்சம்மான்னு கேட்டுட்டே இருந்துச்சு."

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவயே."

பாவி மனுசன், அவர் சொன்னதில் மட்டும் தப்பே இல்லை. நான் அப்படியே எல்லைக்கல்லைப் பார்த்து நடந்தேன்.

"காப்புக் கட்டுன ஊடுடீ!" என்று மாமியார் பின்னாலேயே ஓடிவந்தார்.

"உங்க பையன் வேட்டியத் தொவச்சுப் பாருங்க அத்தை, தெரியும்."

கல்லைத் தாண்டியதும் நாயுருவி சேலையில் ஒட்டியது. தட்டிவிடவில்லை. பொள்ளாச்சி பஸ் வந்தது. அம்மா தேடுகிற கையை நீட்டி அதை நிறுத்தினேன்.