நூறு போதும்

பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அஸீலாவின் வேலை. பதினான்கு வருஷமாக அவளிடம் கையை நீட்டியவர்கள், "வலிக்கவே இல்லையே" என்றுதான் எழுந்து போவார்கள். அந்தத் திங்கட்கிழமை, ஏரலிலிருந்து வந்திருந்த ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் கையில் இரண்டு முறை குத்தியும் நரம்பு சிக்கவில்லை.

"ஏம்மா, ஊசி எனக்குத்தானே? உன் கைல்லா ஆடுது!" என்றார் அவர்.

அவரைப் பக்கத்து நாற்காலி ஜாஸ்பரிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே போய்க் கையை நீட்டிப் பார்த்தாள். விரல்கள் தாமாக நடுங்கின. நாடியை எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்தே இப்படித்தான். மின்விசிறிக்குக் கீழேயும் வியர்த்தது. நிறையத் தின்றும் உடம்பு இளைத்தது. படுத்தால் நெஞ்சு படபடத்தது. அவளுடைய வாப்பா நாற்பத்தெட்டு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். தனக்கும் அதுதான் என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். அன்று சாயங்காலம் அவள் கையில் டீ தளும்பியதைப் பார்த்த கணவன் உமர் பாரூக் விடவில்லை.

"நாளைக்கே டாக்டர்ட்ட போறோம். உனக்கு ஒண்ணுன்னா நானும் பிள்ளைகளும் என்ன செய்ய?"

டாக்டர் விஜயஸ்ரீதான் அவளுக்கு நாலு வருஷமாகத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுப்பவர். இ.சி.ஜி.யில் துடிப்பின் வேகம் தவிர வேறு கோளாறு இல்லை. ரத்த முடிவைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"மருந்து பத்தலன்னுதான் போன தடவை மாத்திரையை நூத்தி இருபத்தஞ்சு மைக்ரோகிராம் ஆக்குனேன். இப்ப மருந்து ரொம்ப கூடிட்டு. இடையில என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல டாக்டர்."

"மாத்திரையை எப்படிச் சாப்பிடுதீங்க?"

அஸீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், அதையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுப் பால் டீயோடு விழுங்குவாள். ரமலானில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினாள். கால்சியத்தை ராத்திரிக்குத் தள்ளினாள். பெருநாளுக்குப் பிறகும் அப்படியே தொடர்ந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் "வெறும் வயித்துல போடுங்க" என்று சொல்பவளும் அவள்தான். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி முடிப்பதற்குள் முகம் சிவந்துவிட்டது.

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப பாலும் கால்சியமும் தடுத்து, மருந்து சரியா உடம்புல சேராமலே இருந்திருக்கு. அது தெரியாம நான் அளவைக் கூட்டிட்டேன். இப்ப முழுசா சேருது. உங்களுக்கு நூறு போதும்."

"அப்ப என் நெஞ்சுக்கு..."

"ஒண்ணுமில்ல. தினமும் காலையில நாடியை எண்ணி எழுதுங்க. வாரத்துக்கு ஒரு தடவை எடை பாருங்க. நெஞ்சு வலிச்சாலோ மூச்சு முட்டுனாலோ உடனே வரணும். ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பார்ப்போம்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். வெளியே காத்திருந்த உமர் பாரூக் பதறிப்போனான்.

"ஒண்ணுமில்லையாம் மச்சான்," என்றாள் அழுகையோடே. "நெஞ்சுக்கு ஒண்ணுமில்லையாம்."

நாடி உடனே இறங்கிவிடவில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள் மறுபடி நூற்றுப் பத்தைத் தொட்டபோது பயந்து போன் செய்தாள். "பைய இறங்கும், பயப்படாதீங்க," என்றார் டாக்டர். நான்காம் வாரம் எண்பத்தாறு. எடை ஒரு கிலோ கூடியிருந்தது. இரவில் தூக்கம் வந்தது.

ஆறாம் வாரம் ஜாஸ்பரிடம் கையை நீட்டினாள். மதியம் வந்த முடிவு, இருக்கவேண்டிய அளவுக்குள் இருந்தது. அதைப் படமெடுத்து உமர் பாரூக்குக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"எனக்கு இந்த நம்பரெல்லாம் விளங்கல. நல்லதா, கெட்டதா?"

"நல்லது மச்சான். வரும்போது மீன் வாங்கிட்டு வாங்க," என்றாள்.