ஐம்பத்தைந்து டிகிரி

மலைப்பாதையில் இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டுகிற மனிதருக்கு, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே குமட்டிக்கொண்டு வந்தது. இதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அவருடைய வாய்தான். நாற்பத்திரண்டு வளைவுகள் உள்ள சாலை அது. பத்தாவது வளைவிலேயே பாதிப் பயணிகள் ஜன்னலோர இடத்துக்கு மன்றாடத் தொடங்குவார்கள். டிரைவர் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, "என்ன சார், தொட்டில்ல போட்டு ஆட்டினாக்கூட வாந்தி எடுப்பீங்க போலிருக்கே" என்று ஒரு போடு போடுவார். பஸ்ஸே சிரிக்கும், குமட்டுகிறவரைத் தவிர. புதிதாக வேலைக்கு வந்த ஒரு கண்டக்டர் முதல் நாளே ஆறாவது வளைவில் வாந்தி எடுத்துவிட, அவருக்கு 'ஆறாம் நம்பர்' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியமும் இவரையே சேரும். அந்தக் கண்டக்டர் இன்றைக்கு டிக்கெட் பரிசோதகர் ஆகிவிட்டார். பட்டப்பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இப்படிப்பட்டவரை விண்வெளிக்கு அனுப்பி வைத்தவள் அவருடைய ஒரே மகள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்து, வெகு தொலைவில் தனியாக இருக்கிறாள். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா. நீங்க?" "ஆச்சு." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். பாசத்துக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். அதனால் போன முறை வந்தபோது தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை அப்பாவுக்கென்று வைத்து, அதில் ஒரு விளையாட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆளுக்கு ஒரு விண்கலம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அங்கிருந்தும் இவர் இங்கிருந்தும் கிளம்பி, ஹெட்போனில் பேசிக்கொண்டே கிரகம் கிரகமாகச் சரக்கு ஏற்றி இறக்க வேண்டியது.

அதிசயம் என்னவென்றால், கையில் ஒரு வண்டி இருந்தால் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு தானாக வந்தது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டியது, முதல் கண்டெய்னரைத் தூக்கியபோது கை நடுங்கியது, வேலை முடிந்து வந்து ஒரு நாள் காரணமே இல்லாமல் அழுதது என்று எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்து நான்கு வருடத்தில் சொல்லாததையெல்லாம் நான்கு ஞாயிறுகளில் சொல்லித் தீர்த்தாள். ஆனால் கலம் திரும்பும்போதெல்லாம் நட்சத்திரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. கூடவே இவர் வயிறும் புரண்டது. பதினைந்தாவது நிமிடம் நெற்றி வியர்க்கும். இருபதாவது நிமிடம், "சரிம்மா, ஒரு வேலை இருக்கு" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறைக்குப் போவார்.

நான்காவது வாரம் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அவள் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவள். நாளெல்லாம் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பதே பிழைப்பு.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல, புழுக்கம்."

"ஃபேன்தான் தலைக்கு மேல சுத்துதே."

"அதோட சேர்ந்து தலையும் சுத்துது" என்று வாயை விட்டுவிட்டார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின் திரைக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். "இவ்வளவு கிட்ட உட்கார்ந்துகிட்டு இவ்வளவு இறுக்கமான படத்தைப் பார்த்தா யாருக்குத்தான் சுத்தாது? பைனாகுலரைக் கண்ணுல கட்டிக்கிட்டு ஓடின மாதிரிதான். லேசா அசைஞ்சாலே மொத்தமும் ஓடும். கோணத்தை அகலப்படுத்தணும்" என்றாள்.

விளையாட்டின் அமைப்புகளுக்குள் புகுந்து தேடினாள். 'பார்வைக் கோணம்' என்று ஒரு வரி இருந்தது. அதில் இடமும் வலமுமாக நகர்த்த ஒரு பொத்தான். நாற்பது டிகிரியிலிருந்து நூற்றிருபது வரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அது ஐம்பத்தைந்தில் நின்றது. பக்கத்தில் மகள் ஒரு பெயரும் தட்டி வைத்திருந்தாள்: 'அப்பா பஸ்'.

"அடிப்பாவி" என்றாள் அம்மாக்காரி மெதுவாக. "போறதுக்கு முந்தின நாள் என் கேமராவை வாங்கிட்டுப் போனா. டிப்போவுல உங்க சீட்டுல உட்கார்ந்து ஒரு படம் எடுக்கணும்னு சொன்னா. ஞாபகத்துக்குன்னு நினைச்சேன். அந்தப் படத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அதுல முன்கண்ணாடி வழியா எவ்வளவு தெரியுதோ அதே அளவுக்கு இதைச் சரி பண்ணியிருக்கா. என் லென்ஸோட கோணம் ஐம்பத்தஞ்சு டிகிரிதாங்க. லென்ஸ் பார்த்ததை அளந்திருக்கா, உங்க கண்ணு பார்க்கறதை அளக்கல."

பொத்தானை நகர்த்தப் போன அவள் கையை அவர் பிடித்துக்கொண்டார். "தொடாதே. புள்ள எனக்காகப் பார்த்துப் பார்த்து வெச்சிருக்கு."

"அதுக்காக வாரா வாரம் வாந்தி எடுப்பீங்களா?"

"எடுத்தா என்ன? உசிரா போயிடும்?"

ஊரையே கேலி செய்கிற மனிதர்தான். மகள் கொடுத்ததில் ஒரு குறை சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அடுத்த ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினெட்டாவது நிமிடத்தில் கடித்த பல்லும் உதவவில்லை. "சரிம்மா, ஒரு வேலை..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள் மகள். "அடுத்த வாரத்துலேர்ந்து இது வேணாம்பா. உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரியுது. எனக்காகத்தான் உட்கார்றீங்க, எப்படா எழுந்து ஓடலாம்னு பார்க்கறீங்க. பரவாயில்லப்பா, போன்லயே பேசிக்கலாம்."

போனில் என்றால் மூன்று நிமிடம். மறுபடியும் சாப்பிட்டியா, ஆச்சு. இனி அவள் அழுதால் இவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இருபத்தாறு வருட மானம் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். யோசிக்க என்ன இருக்கிறது?

"எனக்கு வாந்தி வருதும்மா" என்றார்.

"என்னது?"

"வாந்தி. முதல் வாரத்துலேர்ந்தே. எழுந்து ஓடறது பாத்ரூமுக்கு."

ஹெட்போனில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவின் சிரிப்பு அப்படியே. "ஆறாம் நம்பர் மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அன்னிக்கே நான் வேலையை விட்டுடுவேன்."

சிரிப்பு திடீரென்று நின்றது. "நான் வெச்ச அளவாலயாப்பா?"

"அளவு நல்ல அளவுதான். என் வயித்துக்குத்தான் மரியாதை தெரியல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? அந்தப் பொத்தானைப் பிடிங்க. பிடிச்சீங்களா? மெதுவா வலது பக்கம். அறுபது. இப்ப கலத்தைத் திருப்பிப் பாருங்க."

"தொண்டையில நிக்குது."

"எழுபது."

"நெஞ்சுக்கு இறங்கிடுச்சு."

"எண்பது. எண்பத்தஞ்சு."

ஒவ்வொரு டிகிரிக்கும் திரையின் இரண்டு ஓரங்களும் விலகிக்கொண்டே போயின. எதிரே இருந்த கிரகம் பூசணிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. தூரமாகத் தெரிந்தாலும் கிட்டேதான் இருக்கிறது, முன்கூட்டியே பிரேக் போட வேண்டும் என்று மகள் எச்சரித்தாள். தொண்ணூற்றிரண்டில் அவர் கலத்தை இடமும் வலமுமாகத் திருப்பினார். நட்சத்திரங்கள் சாவகாசமாக நகர்ந்தன. வயிறு வாயைத் திறக்கவில்லை.

"நின்னுடுச்சும்மா! ஒண்ணுமே பண்ணல!" என்று கத்தியவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "இரு இரு. இடது பக்கம் எவனோ ஒருத்தன் வர்றான். மஞ்சள் வண்டி. ஒட்டிக்கிட்டே வர்றான். ஓவர்டேக்கும் பண்ண மாட்டேங்கறான், ஒதுங்கவும் மாட்டேங்கறான். இதுல ஹாரன் எங்க இருக்கு?"

"அப்பா, அது நான்தான்."

"நீயா? நீ முன்னாடி இல்ல போய்க்கிட்டிருப்பே?"

"உங்களை விட்டுட்டு நான் எதுக்குப்பா முன்னாடி போகப்போறேன்? முதல் வாரத்துலேர்ந்து இங்கயேதான் வர்றேன்."

ஓரத்துக் குட்டி வரைபடத்தில் ஒரு புள்ளி எப்போதும் கூடவே வந்துகொண்டுதான் இருந்திருக்கும். கண்ணாடியில் தெரியாத வண்டியை அவர் என்றைக்கும் நம்பியதில்லை.

"உன்னைப் பிடிக்கணும்னுதானேம்மா அஞ்சு வாரமா இந்த விரட்டு விரட்டினேன்" என்றார்.

"அப்படியா? நீங்க ஏன் இப்படிப் பறக்கறீங்கன்னு தெரியாம, விட்டுடக் கூடாதேன்னு நானும் பறந்து பறந்து வந்தேன்."

அவர் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். மஞ்சள் கலமும் குறைத்தது.