வெறுங்கட்டு

வாஹிப்ரேவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. தோத் சாமியின் திருவிழாவுக்கு இன்னும் ஐந்தே நாள். மெம்பிஸ் கோயிலில் கட்டுகள் பாதிகூடத் தேறவில்லை. செத்த பறவையை உப்புத் தொட்டியில் உலர்த்தித் துணி சுற்றியதுதான் கட்டு; அதன் காதில் வேண்டுதலைச் சொல்லி நிலவறைக்குள் கொடுத்தால் சாமியிடம் போய்ச் சேரும். சாமியின் பறவையான அரிவாள் மூக்கன் அந்த வருஷம் சரியாகக் குஞ்சு பொரிக்கவில்லை. அதற்காக வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? நாணலும் களிமண்ணும் இரண்டு இறகும் வைத்து நார்த்துணியால் சுற்றினால் தீர்ந்தது. இந்த வெறுங்கட்டுக்குத்தான் அலங்காரம் அதிகம். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பின்னி, அலகும் கண்ணும் எழுதி ஆளை மயக்க வேண்டும். அதில் வாஹிப்ரேவை அடிக்க ஆளில்லை. இருபது வருஷத்தில், சாமியை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல்கூட அவனுக்கு அலுத்துப்போய்விட்டது.

மத்தியானம் ரொட்டியும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு அவன் மனைவி ருரூ வந்தாள். ஏழு மாதம். இதற்கு முன் மூன்றும் தங்கவில்லை.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. காலையில நானே ஒரு கட்டு வாங்கி, சாமி காதுல வேண்டுதலச் சொல்லி உள்ள குடுத்துட்டேன்."

"எங்கிட்டக் கேட்டா என்ன? எந்தக் கட்டு?"

"இருந்ததுலயே அழகானது. கட்டம் கட்டமா பின்னியிருந்துச்சு. பாத்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சுபோச்சு. மத்தவங்க கட்டினத நம்ப மனசு வரல."

அவ்வளவு பின்னல் என்றால் அது வெறுங்கட்டுதான். நிலவறைக்குள் போன கட்டை வெளியே எடுக்கிற வழக்கமில்லை. இன்னொன்று வாங்கிச் சொல்லென்றால், ஏன் என்பாள்.

"குழந்தைக்குத்தான வேண்டிக்கிட்ட?"

"அப்படித்தான் நினைப்பீங்கன்னு தெரியும். அது இல்ல."

"பின்ன?"

"சாமி காதுல போட்டத மனுசன் காதுல போட்டா பலிக்குமா? போய் வேலையப் பாருங்க."

சிரித்தபடி போனாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உப்புத் தொட்டிக்காரன் ஹோர்வாஜாவிடம் போனான்.

"இன்னிக்கு எடுத்த முழுப்பறவை இருக்குல்ல? எனக்குக் குடு."

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான். படைத்தலைவர் வீட்டுக்குன்னு வச்சிருக்கு. அவருக்கு என்னத்தக் குடுக்கிறது?"

"நாணலக் குடு. அழகாக் கட்டித் தரேன்."

ஹோர்வாஜா அவன் முகத்தைப் பார்த்தான். பறவையை எடுத்துக் கொடுத்தான்.

பறவை கனமாக இருந்தது. வாஹிப்ரே அதற்குப் பின்னல் போடவில்லை, கண்ணும் எழுதவில்லை. வெறும் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, காது இருக்கும் பக்கம் வாயைக் கொண்டுபோனான். என்னவென்று சொல்வது? குழந்தையைக் கேட்டால், அவள் கேட்டது வேறு. வேறெதையாவது கேட்டுக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

"சாமி, ருரூ ஒரு கட்டுல என்னமோ சொல்லியிருக்கா. அது உங்ககிட்ட வந்து சேராது. அதக் கட்டினவன் நான்தான். அவ என்ன கேட்டான்னு எனக்குத் தெரியல. ஒரு எட்டு வந்து அவளையே கேட்டுக்குங்க."