வராதவர்களின் ரகசியம்

பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தின் முன்மேசையில் உட்கார்ந்து மாணவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்துக்கொள்பவளுக்கு, மாணவர்கள் வைத்திருந்த பெயர் பூட்டக்கா. யார் எதற்கு வந்தார்கள் என்று தலைகீழாக நின்று கேட்டாலும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் பெயராது. அந்தப் பெயரைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பாள். ஆனால் உள்ளுக்குள் அதைப் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தாள். வீட்டில் கணவர், “இன்னிக்கு ஆபீஸ்ல என்ன?” என்று ஒப்புக்குக் கேட்டால்கூட, “அதெல்லாம் வெளிய பேசக் கூடாது” என்பாள். அவர் உண்மையில் ஒன்றும் தெரிந்துகொள்ள ஆசைப்படவில்லை என்பது அவளுக்கு உறைத்ததே இல்லை.

அன்று மதியம் தொலைபேசி அடித்தது. பேசியது ஒரு மாணவியின் அம்மா. குரல் பதமாக இருந்தது.

“அம்மாடி, என் பொண்ணு அங்க விடுதியில தங்கிப் படிக்கிறா. அவ கூட ரூம்ல இருக்கிற பொண்ணுக்கு உடம்பு முடியலையாம். அங்க வந்து காட்டினாளா?”

பூட்டக்கா பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டிப் பார்த்தாள். திரை காலியாக இருந்தது. “இல்லையேம்மா, அந்தப் பொண்ணு இங்க வரலை.”

“அப்படியா? பக்கத்து ரூம்ல ஒருத்தி இருமிக்கிட்டே இருந்தாளே, அவ?”

அந்தப் பெயரையும் கேட்டுத் தட்டினாள். “அவளும் வரலைம்மா.”

“சரி. என் பொண்ணு வந்தாளா?”

மகளின் பெயரைக் கேட்டுத் தட்டியதும், அவள் வந்துபோன தேதிகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாமே மனநல டாக்டரம்மாவின் அறை. பூட்டக்காவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கட்டடக் கலை படிக்கும் நெட்டைப் பெண். உட்காரும்போதெல்லாம் முழங்காலை எங்கே வைப்பது என்று தவிப்பவள். பூட்டக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். இந்தக் கட்டத்துக்காகத்தான் அவள் பிறந்ததே.

“மன்னிக்கணும்மா. ஒரு மாணவியோட மருத்துவ விவரத்தை நாங்க யாருக்கும் சொல்றதில்லை. பெத்த தாயா இருந்தாலும் சரி.”

மறுமுனையில் “ரொம்ப நன்றிம்மா” என்று கேட்டது. தொடர்பு அறுந்தது.

பூட்டக்கா ரிசீவரை வைத்துவிட்டு, ஊசி போடும் நர்ஸைப் பார்த்துச் சொன்னாள்: “பாத்தியா? இப்படித்தான் பேசணும். கத்துக்கோ.”

மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதே நெட்டை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“எங்கம்மாகிட்ட என்னக்கா சொன்னீங்க?”

“நானா? ஒண்ணுமே சொல்லலையே! சொல்ல மாட்டோம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்.”

“அதான்க்கா சொல்லிட்டீங்க.”

“எதை?”

“என் ரூம்மேட் வரலைன்னீங்க. பக்கத்து ரூம் வரலைன்னீங்க. எனக்கு மட்டும் சொல்ல முடியாதுன்னீங்க. எங்கம்மா என்ன சின்னப் பாப்பாவா?”

பூட்டக்காவுக்குக் காது ரெண்டும் சூடேறியது. இத்தனை வருஷமும் இப்படித்தான் பேசியிருக்கிறாள். வராதவர்களை வரலை என்று தாராளமாகச் சொல்லி, வந்தவர்களுக்கு மட்டும் பந்தாவாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். கேட்டவர்கள் எல்லாரும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வைத்தார்கள். அந்த நன்றி எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. இவள் பூட்டு இல்லை, அறிவிப்புப் பலகை.

“இப்ப என்ன ஆகும்?” என்றாள். குரல் பாதியாகியிருந்தது.

“நாளைக்கு வர்றாங்க. தூக்கம் வராம பேச வர்றேன்னு தெரிஞ்சாலே போதும், மூட்டையைக் கட்டுன்னு கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க. எங்க அக்காவ அப்படித்தான் படிப்ப நிறுத்தினாங்க. நான் டாக்டர்கிட்ட பேசினதெல்லாம் வாங்கிப் படிக்காம விடமாட்டாங்க.”

“அந்தப் பதிவை என்னாலயே திறக்க முடியாதும்மா. டாக்டர் மட்டும்தான்...”

“வந்தேன்னு தெரிஞ்சதே போதும்க்கா” என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள்.

டாக்டரம்மாவிடம் போய் நின்றபோது பூட்டக்கா, “நான் ஒரு பொய்யும் சொல்லலை டாக்டர்” என்றுதான் ஆரம்பித்தாள்.

“அதான் பிரச்சினையே” என்றார் டாக்டரம்மா. “சாமான் இருக்கிற பெட்டியை மட்டும் பூட்டி வச்சா, எதுல சாமான் இருக்குன்னு நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி. காலிப் பெட்டியையும் பூட்டணும். இனிமே உங்க மேசையில ‘வரலை’ங்கிற வார்த்தையே கிடையாது. நடந்ததை எழுதிக் கொடுங்க, மேல அனுப்பணும்.”

பூட்டக்கா எழுத உட்கார்ந்தாள். ‘தொலைபேசியில் ஒரு சிறு குழப்பம் நேர்ந்தது’ என்று தொடங்கினாள். படித்துப் பார்த்தால், தப்பைத் தொலைபேசி செய்தது போலவும் இவள் பக்கத்தில் நின்று பதறியது போலவும் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, ‘நான் உளறினேன்’ என்று எழுதினாள். அதைவிட நல்ல வாக்கியம் கடைசிவரை கிடைக்கவில்லை.

சாயங்காலம் நர்ஸோடு ஒத்திகை.

“என் தம்பி இங்க வந்தானா?” என்றாள் நர்ஸ்.

“யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க.”

“டாக்டர் இருக்காங்களா?”

“சொல்றதில்லைங்க.”

“அட கடவுளே, அதைச் சொல்லலாம்க்கா! கழிப்பறை எங்க?”

பூட்டக்கா யோசித்தாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா மறுநாள் பத்து மணிக்கு வந்தார். குள்ளமான உருவம், தோளில் துணிப்பை. பூட்டக்கா ஒரு ராட்சசியை எதிர்பார்த்திருந்தாள். அதனால் முதல் அடியிலேயே நிலை தடுமாறிவிட்டது.

“நான் என் பொண்ணைப் பத்திக் கேட்க வந்தேன்.”

“யாரைப் பத்தியும் சொல்றதில்லைம்மா. வந்தவங்க, வராதவங்க, யாரைப் பத்தியும்.”

“முந்தாநாள் ரெண்டு பேரை வரலைன்னீங்களே?”

“அது என் தப்பு. அதையும் சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை வருஷம் வேலை பார்த்து எனக்கே நேத்துதான் தெரிஞ்சது” என்றாள் பூட்டக்கா. அசடு வழிந்த முகத்தைத் துடைக்க வழியில்லை.

அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “வேற ஒண்ணும் வேணாம். அவ உயிருக்கு ஒண்ணும் இல்லைதானே? ராத்திரி பூரா அதே நினைப்பு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடறேன்.”

‘இல்லைம்மா, தூக்கம்தான் வரலையாம்’ என்பது பூட்டக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை சின்னச் சொல்! சொன்னால் இந்த முகம் மலர்ந்துவிடும். சொன்னால் நெட்டை இங்கே வந்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரியும் ஆகிவிடும். பூட்டக்கா உதட்டைக் கடித்தாள். இத்தனை நாள் பெருமைக்காக வாயை மூடியவளுக்கு, பெருமையே இல்லாமல் மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

“அவகிட்டயே கேளுங்கம்மா” என்றாள். “நான் சொல்ல முடியாது.”

அந்த நேரம் பார்த்து நெட்டை உள்ளே வந்தாள். அம்மாவைக் கண்டு நின்றுவிட்டாள். பூட்டக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற வேகத்தில், “யாரும்மா நீ? உன்னை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையே!” என்று கூவினாள்.

மருந்துத் தட்டோடு நின்ற நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு. “போதும்க்கா, விடுங்க” என்றாள். அம்மா பக்கம் திரும்பினாள். “ஆமாம்மா, வர்றேன். தூக்கம் வரலை, வரைய உட்கார்ந்தா கை நடுங்குது. இங்க பேசினா குறையுது. ஊருக்குக் கூட்டிட்டுப் போனா குறையாது. நான் வரமாட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா என்ன செய்வீங்கன்னு அக்காவைப் பார்த்தே தெரிஞ்சுதே.”

அந்த அம்மா துணிப்பையின் காதை முறுக்கினார், விட்டார். பிறகு, “நீ என்ன பேசுறேன்னு நான் படிக்கலாமா?” என்றார்.

“கூடாதும்மா. அது என்னோடது.” நெட்டை மேசைப் பக்கம் சாய்ந்தாள். “அக்கா, நான் எந்தெந்த நாள் வர்றேன்னு மட்டும் அம்மாவுக்குச் சொல்லலாம்னு எழுதிக் கொடுக்க முடியுமா? அதுக்கு மேல எதுவும் வேணாம்.”

“முடியும்மா. வேணாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்” என்றாள் பூட்டக்கா. இந்த முறை சொல்லக்கூடியதுதானா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

பூட்டக்கா நீட்டிய காகிதத்தில் நெட்டை எழுதுவதை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். “அப்ப அந்த நாள்ல நான் வந்து வெளிய உட்காரலாமா?”

“கதவு சாத்தியிருக்கும்மா.”

“சாத்தட்டும்.”

டாக்டரம்மா கூப்பிட்டார். நெட்டை உள்ளே போனாள். கதவு மூடியது. அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டக்காவுக்கு அவரிடம் ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது. மனதுக்குள் தேடினாள். தெரிந்ததெல்லாம் சொல்லக் கூடாதது. கடைசியில் ஒன்று அகப்பட்டது.

“பஸ்ல கூட்டமாம்மா?” என்றாள்.

“அதை ஏன் கேட்கிறே” என்று தொடங்கினார் அந்த அம்மா, பையை மடியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு.