விரல் பேரம்

இஸ்தான்புல்லில் மகுடேஸ்வரன் டாலர் மாற்ற ஏறிய ஐந்தாவது கடை அது. முதல் நான்கிலும் பலகையில் போட்டிருந்த விலைக்கு மேல் ஒரு காசு ஏற்றித் தர மறுத்துவிட்டார்கள். பலகை விலைக்கே மாற்றினான் என்று திருப்பூரில் தெரிந்தால் நூல் வியாபாரிகூட மதிக்க மாட்டான்.

"ஏனுங்க, போயிரலாம் வாங்க," என்றாள் நாகஜோதி. "இந்தாளு உங்களப் பாக்கறதேயில்ல. என்னையவே பாக்கறான்."

"உன்னையப் பாத்துச் சேத்திக் குடுப்பானாட்ட இருக்குது அம்மிணி. சித்த நேரம் வாசல்ல நில்லு."

இருபத்தாறு வருஷம் தன் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளோடு கிடந்த மனைவியைக் கடல் காட்டுகிறேன் என்று கூட்டி வந்து, காலையிலிருந்து சந்து சந்தாக இழுத்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கிழவனுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. கால்குலேட்டரை நீட்டினாலும் அசையவில்லை. மகுடேஸ்வரன் டாலரைக் கண்ணாடிக்கு உள்ளே தள்ளிவிட்டு, பையிலிருந்த பனியன் துணி சாம்பிளைப் பணம் தள்ளும் திறப்பின்மேல் விரித்து, அடியில் கையை விட்டான். விளையாட்டுக்குத்தான். அவன் அப்பா மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்.

துணிக்கடியில் ஒரு கை வந்து பிடித்தது. சூடே இல்லாத கை. நாலு விரலைச் சேர்த்து அழுத்தி, நடுவிரலை மடக்கி, உள்ளங்கையில் ஒரு தட்டு. அச்சாக அப்பா பேசுகிற மாதிரி. இவனுக்கு இது எப்படித் தெரியும் என்று மகுடேஸ்வரன் யோசித்தான். ஆனால் மனக்கணக்கு முந்திக்கொண்டது: பலகை விலையைப்போல் இரண்டு மடங்கு. முழுக்கையையும் அழுத்தி முடித்தான். அழுத்திவிட்டால் சந்தையில் பேச்சு மாறக்கூடாது.

கிழவன் மறுகையால் துணியோரமாக லிராக் கட்டைத் தள்ளினான். பிறகு டாலரையும் அப்படியே திருப்பித் தள்ளினான்.

"இத எதுக்குங்க திருப்பறீங்க?" என்றான் மகுடேஸ்வரன், தமிழிலேயே.

கடைசியாக வந்தது ஒரு மஞ்சள் கயிறு. முடிச்சு அவிழவில்லை. வெளிநாட்டில் திருட்டு பயம் என்று தங்கக்கொடியை லாக்கரில் பூட்டிவிட்டு நாகஜோதி கழுத்தில் போட்டு வந்தது. மாட்டை வாங்குகிறவன் மாட்டைத்தான் பிடித்துப் போவான். பழைய கயிறு விற்றவனுக்கு.

நிமிர்ந்தான். கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி காலி. கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வெயில் விழுந்த படியில் நாகஜோதி, பக்கத்தில் நின்ற கிழவன் ஏதோ சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டே ஓரடி இறங்கினாள்.

"அம்மிணி," என்றான். அவள் திரும்பவில்லை.

ஓடுவதற்குக் கையை இழுத்தான். துணிக்கடியில் பிடி இன்னும் விடவில்லை.