அத்தான் அனுப்பிய கோடை ரயர்

நிருஜாவின் கார் தாம்போதியில் சுழன்ற அன்று, மழை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. சித்திரை மாதத்துத் திடீர் மழை. கடலுக்கு நடுவே வேலணையை நோக்கி நேராக ஓடும் அந்தத் தாம்போதித் தெருவில் அவள் மணிக்கு நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தாள். பின்சீற்றில் பரிமளம் ரீச்சர் இருந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் கண் காட்டுவதற்காக மாதம் ஒரு தடவை நிருஜாவின் காரில்தான் போவார்.

முன்னால் போன மோட்டார் சைக்கிள்காரன் மழைக்கு அங்கி போடுவதற்காகச் சட்டென்று ஓரம் கட்டினான். நிருஜா பிறேக்கை மிதித்தாள். பிறேக் பிடித்தது, கார் நிற்கவில்லை. எண்ணெய் பூசிய தகட்டில் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு போய், ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஓரத்துக் கற்கட்டில் பின்பக்கம் மோதி நின்றது. மோட்டார் சைக்கிள்காரனுக்கு ஒன்றுமில்லை. காரின் பின்சில்லு ஒன்று கடல் பக்கமாகத் தொங்கியது. ரீச்சர் இடக்கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை, என்ர கை... என்ர கை” என்று முனகினார். மணிக்கட்டு முறிந்திருந்தது.

பின்னால் வந்த வான்காரர் அன்ரனிதாஸ்தான் ரீச்சரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்த உதவியை நிருஜா மறக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் ஊரில், இறுப்பிட்டிச் சந்தியில் நின்று அவர் சொன்ன கதையையும் மறக்கவில்லை.

“பொம்பிளையளுக்கு மழையில ஓட ஏலாது. பயத்தில பிறேக்கை ஒரேயடியா மிதிச்சுப்போட்டா. நான் பின்னால நிண்டு கண்ணால கண்டனான்.”

நிருஜாவுக்கு முப்பத்தாறு வயது. ஏழு வருடமாகத் தன் காரை வாடகைக்கு, ஹயர் ஓடுகிறாள். குறிகாட்டுவானில் வள்ளத்தால் இறங்கும் ஆட்கள், கிளினிக்குப் போகும் வயிற்றுப்பிள்ளைத்தாய்ச்சிகள், ஊர்காவற்றுறையில் படிப்பிக்கும் மூன்று ஆசிரியைகள் எல்லோரும் அவளை நம்பி ஏறினார்கள். அந்த ஏழு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அவள் அடித்ததில்லை. அன்ரனிதாஸ் சொன்ன கதை சந்தியிலிருந்து கிளம்பி இரண்டு நாளில் ஊரெல்லாம் போய்விட்டது. ஆசிரியைகள் மூவரும் வேறு வாகனம் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் தொலைபேசி எடுத்து, “குறை நினைக்காதையுங்கோ அக்கா, வீட்டில பயப்பிடுகினம்” என்றாள்.

இதற்கிடையில் குடும்ப வட்ஸ்அப்பில் ஜேர்மனியிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அவளுடைய கணவன் வாகீசனின் தமையன், அவள் அத்தான் என்று கூப்பிடும் ரஜீபன் பேசியிருந்தார்.

“அந்த ரயரோட நான் மணிக்கு இருநூறில ஓடினனான். உலகத்திலயே திறமான கோடை ரயர் அது. ரயரில பிழையில்லை, ஓடுற ஆளிலதான் பிழை. நிருஜாவை வடிவாப் பழகச் சொல்லு.”

ரயர்கள் நான்கையும் அனுப்பியது அவர்தான். ஜேர்மனியில் கோடைக்கு ஒரு செற், பனிக்கு ஒரு செற் என்று இரண்டு செற் ரயர் வைத்திருப்பார்களாம். ரஜீபனுக்குக் கார் என்றால் உயிர். சாரதிகள் தங்கள் ரயர்களைப் பற்றிய அனுபவங்களை எழுதும் இணையத்தளம் ஒன்றில் அவர் பக்கம் பக்கமாக எழுதுவார். போன வருடம் கப்பலில் போட்ட சாமான்களோடு, போர்வைகளுக்கும் சொக்கிளேற் பெட்டிகளுக்கும் நடுவில் அந்த நான்கு ரயர்களும் வந்து இறங்கின. கறுப்பாகப் பளபளத்தன. தெருவில் படும் பக்கத்து வெட்டுகள் ஆழமாக, புதிது போலவே இருந்தன. இப்படி ஒரு பொருள் தன் காருக்குக் கிடைத்ததே என்று நிருஜா அன்று சந்தோஷப்பட்டாள். நன்றி சொல்லிக் குரல்பதிவும் அனுப்பினாள்.

இப்போது அத்தானின் பதிவை மூன்றாம் தடவை கேட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் காலுக்குக் கீழே என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் பதறவில்லை. பிறேக் வேலை செய்தது. தெருவோடு ஒட்டவேண்டிய ஏதோ ஒன்றுதான் ஒட்டவில்லை.

கார் வேலணையில் தம்பிஐயாவின் ரயர் கடையில் நின்றது. ரயர்களைப் போன வருடம் பூட்டியவரும் அவர்தான். நிருஜா பஸ் பிடித்து அங்கே போனாள்.

“தம்பிஐயா அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இந்த ரயரில ஏதும் பிழை இருக்கோ?”

அவர் நிமிர்ந்து பார்க்காமலே கையைத் துணியில் துடைத்தார். “ஏன் பிள்ளை, வாகீசன் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“அவருக்கென்ன தெரியும்?”

தம்பிஐயா துணியைக் கீழே போட்டார். பிறகு கழற்றி வைத்திருந்த ரயர் ஒன்றை உருட்டிவந்து, அதன் உட்பக்கத்தைக் காட்டினார். ஒரு சின்ன வளையத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன: 1915.

“இது சும்மா இலக்கமில்லை, பிறந்த திகதி. இரண்டாயிரத்துப் பதினைஞ்சாம் ஆண்டு, பத்தொன்பதாம் கிழமை செய்த ரயர். இப்ப பத்து வருசம். நகத்தால அமத்திப் பாரும்.”

அவள் அமுக்கினாள். நகம்தான் வளைந்தது.

“இந்த விலையான ரயருகள் மெத்தெண்ட றப்பர். புதிசில தெருவைக் கவ்விப் பிடிக்கும். பழசானா கல்லு. வெட்டு ஆழமா இருக்கெண்டு பாத்து ஏமாறக்கூடாது. காய்ஞ்ச தெருவில ஓடலாம், பிழை தெரியாது. மழை பெய்தா அவ்வளவுதான்.”

“நீங்கள் பூட்டேக்க இது தெரியுமோ?”

“வாகீசனிட்டச் சொன்னனான். அண்ணை அனுப்பினது, குறை சொன்னா அவருக்கு மனம் நோகும், நிருஜாவுக்கும் சொல்லவேண்டாம் எண்டார்.”

நிருஜா ரயரை அவர் பக்கமே தள்ளினாள். “பூட்டினது நீங்கள் அண்ணை. ஓடுறது நான் எண்டு தெரியும். எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதோ?”

“என்ர பிழைதான்” என்றார் அவர்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வாகீசன் பலநோக்குக் கூட்டுறவுச் சங்க வேலை முடிந்து வந்து, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் கேத்திலைக் கீழே வைத்தான்.

“தம்பிஐயா அண்ணை சொல்லிப்போட்டாரோ?”

“ஊர் முழுக்க என்னை ஓடத் தெரியாதவள் எண்டுது. பத்து நாளாக் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்? வாய் திறந்து ஒரு சொல் சொன்னனீங்களோ?”

“அண்ணை சொன்னவர், இஞ்ச எப்பவும் வெய்யில்தானே, கோடை ரயர் இஞ்சைக்குத்தான் சரி எண்டு. நானும் நம்பினனான். அண்ணைக்கு எப்பிடி முகத்துக்கு நேர சொல்லுறது? அவர் இல்லாட்டி இந்த வீடே இல்லை, நிருஜா.”

“வீட்டை ஓட்டிக்கொண்டு நான் தாம்போதியில போகேல்லை!”

அவள் தேத்தண்ணி குடிக்கவில்லை. அன்று அவனோடு பிறகு பேசவுமில்லை.

அடுத்த நாள் காலை, அத்தான் எப்போதோ பெருமையோடு அனுப்பிய அந்த இணையத்தள இணைப்பைத் தேடி எடுத்தாள். எல்லாம் ஜேர்மன் மொழியில் இருந்தது. கைத்தொலைபேசியிலேயே தமிழுக்கு மாற்றிப் படித்தாள். முதல் வருடம் அவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். வளைவுகளில் தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடுகிறது என்று எழுதியிருந்தார். வருடா வருடம் நட்சத்திரம் குறைந்துகொண்டு வந்தது. கடைசிக் குறிப்பில் ஒரேயொரு நட்சத்திரம்தான்.

‘எட்டுக் கோடை ஓடிவிட்டேன். பார்வைக்குப் புதிதுபோல இருந்தாலும் றப்பர் இறுகிவிட்டது. ஈரமான வீதியில் இரண்டு தடவை வழுக்கியது. என் மகள் ஏறும் காரில் இனி இவை இருக்காது. கழற்றிவிட்டேன். இதே வயது ரயர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.’

அதற்குக் கீழே முப்பத்துநான்கு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். திகதியைப் பார்த்தாள். பெட்டிகள் கப்பலில் ஏறுவதற்கு இரண்டு மாதம் முந்திய திகதி.

முகம் தெரியாத முப்பத்துநான்கு சாரதிகளுக்குத் தயவுசெய்து என்று எழுதிய மனிதர், அதே ரயர்களைத் தம்பி பெண்சாதிக்குப் போர்வையில் சுற்றி அனுப்பியிருக்கிறார். அவளுக்குக் கண்ணீர் வந்தது. துக்கத்தில் வந்த கண்ணீர் இல்லை அது.

ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்கு ரஜீபன் வந்தார். காருக்கு வேறு ரயர் பூட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அவரைக் கூட்டிவர யாழ்ப்பாணத்துக்கு அவள் போகவில்லை. அவர் வேறு வாகனத்தில் வந்து இறங்கி, விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, “என்ன, நிருஜா இப்ப கார் ஓடுறதை விட்டாச்சோ?” என்று சிரித்தார்.

அவள் கைத்தொலைபேசியை அவருக்கு முன்னால் நீட்டினாள். “இது நீங்கள் எழுதினதோ, அத்தான்?”

அவர் பார்த்தார். சிரிப்பு நின்றது. “அது... அங்க நாங்கள் இருநூறில ஓடுற ஆக்கள். அந்த வேகத்துக்குச் சொன்னது. இஞ்ச நாற்பதுதானே.”

“நாற்பதிலதான் ரீச்சரின்ர கை முறிஞ்சது.”

“சரி, சரி. நான் புது செற் ஒண்டு வாங்கித் தாறன். இதைப் பெரிசாக்காதையும்.”

“எனக்கு ரயர் வேண்டாம், பூட்டியாச்சு. ரீச்சர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லுங்கோ. என்ர ஓட்டத்தாலதான் கை முறிஞ்சதெண்டு அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான் சொன்னா தப்பிக்கச் சொல்லுற சாட்டெண்டுதான் நினைப்பா.”

“நான் போய் ஏன் சொல்லவேணும்? அன்பளிப்பாத் தந்ததுக்கு மன்னிப்புக் கேக்கிறதோ?”

“உங்கட பிள்ளைக்கு ஆகாதது எங்களுக்கு அன்பளிப்போ?” அவளுடைய குரல் தெருவுக்குப் போகும் ஒழுங்கை வரைக்கும் கேட்டது. “எங்கட உயிரென்ன கழிச்ச உயிரோ, அத்தான்? உங்கட மகள் ஏறக்கூடாது, நாங்கள் ஏறலாமோ?”

ரஜீபன் தம்பியைப் பார்த்தார். “வாகீசன், உன்ர மனுசியின்ர கதையைக் கேட்டுக்கொண்டு நிக்கிறியோ?”

வாகீசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஓம் அண்ணை, கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன். அவ சொல்லுறது சரி. எனக்கும் தெரியும், நானும் மறைச்சனான். நீங்கள் வராட்டி நான் போய்ச் சொல்லுறன்.”

ரஜீபன் வரவில்லை. அடுத்த நாள் மூட்டை கட்டிக்கொண்டு மனைவியின் ஊருக்குப் போய்விட்டார். வாகீசன் மட்டும் சைக்கிளில் பரிமளம் ரீச்சர் வீட்டுக்குப் போனான். ரீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, “என்னட்டச் சொல்லி என்ன? சந்தியில போய்ச் சொல்லும். அங்கதான் உம்மட மனுசியின்ர பேர் கெட்டது” என்றாராம்.

அவன் போனான். ஓட்டோக்களும் வான்களும் நிற்கும் இடத்தில், எல்லோரும் இருக்கிற காலை நேரம் பார்த்து, பத்து வருடத்து ரயரென்று தெரிந்தும் மறைத்தது தான்தான் என்று சொன்னான். ஒருவர் பேப்பரைப் புரட்டினார். இன்னொருவர் வெற்றிலை துப்பினார். அவ்வளவுதான்.

நிருஜா ரீச்சரைப் பார்க்கப் போனபோது கை இன்னும் வீங்கியிருந்தது. அவர் அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லவில்லை. “உம்மில கோபமில்லைப் பிள்ளை. ஆனா மற்ற ஆக்களை ஏத்துற நீரும் ஒருக்கா ரயரைத் திருப்பிப் பாத்திருக்கவேணும்” என்றார். நிருஜாவுக்கு அது சுட்டது. அந்த மாதக் கிளினிக்குக்கு ரீச்சர் அவளுடைய காரில்தான் போனார். ஆசிரியைகளில் இருவர் திரும்பி வந்தார்கள். தொலைபேசி எடுத்தவள் வரவில்லை.

ஒரு கிழமை கழித்து, பள்ளிக்கூட நேரத்துக்குச் சற்று முன்பு, அன்ரனிதாஸ் வானைக் கொண்டுவந்து அவளுடைய வீட்டு வாசல் படலையில் நிறுத்தினார். உள்ளே எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“தங்கச்சி, என்ர முன் ரயர் இரண்டும் மச்சான் லண்டனிலயிருந்து அனுப்பினது. வயசு பாக்கிற அந்த நம்பர் எங்க இருக்கெண்டு ஒருக்காக் காட்டுமன். என்ர கண்ணுக்கு எழுத்துத் தெரியுதில்லை.”

முதலில் அவளுக்குப் படலையைச் சாத்திவிட்டு உள்ளே போகத்தான் மனம் வந்தது. பிறகு வானுக்குள் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். முழங்காலில் குந்தி, தொலைபேசி வெளிச்சத்தில் ரயரின் உட்பக்கத்தைப் பார்த்தாள். ஒன்று பதினொரு வருடம், மற்றது பன்னிரண்டு.

“இந்த வானை இண்டைக்கு எடுக்கக்கூடாது, அண்ணை.”

“அப்ப பிள்ளையள்?”

“என்ர காரில ஏத்துங்கோ. இரண்டு தரமாக் கொண்டுபோய் விடுறன்.”

பிள்ளைகளின் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி அவர் குரலைத் தாழ்த்தினார். “அண்டைக்கு நான் சந்தியில சொன்னதை மனசில வைச்சிருக்காதையும்.”

“அதை எனக்குச் சொல்லவேண்டாம்” என்றாள் நிருஜா, சாரதி இருக்கையில் ஏறிக்கொண்டே. “எங்க நிண்டு சொன்னனீங்களோ, அங்க நிண்டு சொல்லுங்கோ.”

ஓம், ஓம் என்று அவர் தலையாட்டினார். ஆவணி பிறந்துவிட்டது. அவர் இன்னும் சொல்லவில்லை.