மச்சினன் தலையில் விழுந்த இலை

சூரியனை நான் எடுபிடி வேலைக்கு வைத்திருந்தேன். அவரும் சம்பளம் கேட்காமல், என் மச்சினனின் வழுக்கைத் தலையில் ஒரு புகைப்படம் அச்சடித்துக் கொடுத்தார். சிரிக்காதீர்கள், நரம்பு நரம்பாக வந்த படம்!

ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டின் சாமான் அறையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, உள்ளே ஒரு மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் என் மூக்குகூடத் தேனில் ஊறியதுபோல் அழகாக இருக்கும். அங்கேதான் சொந்தமாகப் புகைப்படக் காகிதம் செய்தேன். கெட்டித் தாளை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, அதன்மேல் வெள்ளிக் கரைசலைப் பூச வேண்டும். ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டினால், மூடிய இடம் வெளுப்பாகவே நிற்க, மற்றதெல்லாம் கண்ணெதிரே கறுத்துப் படம் தானாக எழும்பும்.

எழும்பவில்லை. கொடியில் தொங்கிய தாள்களெல்லாம் ஆறிப்போன டீ நிறத்தில் திருதிருவென்று விழித்தன.

மச்சினனுக்கு ஒரே குஷி. அந்த அறையில் உடற்பயிற்சி சைக்கிள் போட அவனுக்கு ஆசை.

"அக்கா, பேப்பர அழுக்காக்க அத்தானுக்கு எதுக்கு ஒரு ரூமு?"

என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு படம் வரணும். அத இவனே படம்னு ஒத்துக்கணும். இல்லன்னா ரூம் இவனுக்கு."

அறை போனால் நான் டிவிக்கு எதிரே உட்கார்ந்தே உறைந்துபோவேன் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை சைக்கிளைத் தோளில் சுமந்து மாடியேறி வந்துவிட்டான். அவன் தலையில் ஓடிய வேர்வையில் படகு விட்டிருக்கலாம். அறைக்குள் எட்டிப்பார்த்து, "என்ன அத்தான், கடைசிப் பூச்சா?" என்றான். வெடுக்கென்று திரும்பினேன். பிரஷ்ஷிலிருந்த வெள்ளிக் கரைசல் அவன் உச்சந்தலையில் தெறித்தது. தண்ணீரென்று நினைத்து வழுக்கை முழுக்கத் தேய்த்துக்கொண்டு, பால்கனி நாற்காலியில் போய்ச் சாய்ந்தான். தூங்கியும் போனான்.

வெயில் வந்து அவன் தலையில் பூனைபோல் சுருண்டு படுத்தது. தொட்டிச் செடியிலிருந்து ஓர் இலை, அவசரமே இல்லாமல், காற்றிடம் வழி கேட்டுக் கேட்டு இறங்கி அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. தலை மெல்ல இளஞ்சிவப்பானது, செம்பானது, மழைக்கு முந்தைய மேகமானது. தெரு, சத்தம், காலம் எல்லாம் எங்கோ மிதந்துபோயின. பிரஷ்ஷும் கையுமாகப் பால்கனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவியைக் கூப்பிட்டு இலையை உரித்தேன். கரும்பழுப்பு வானத்தில் ஒரு வெள்ளை இலை!

தாளில் வராதது தலையில் எப்படி வந்தது? வேர்வை. உப்பு! அடுப்படிக்கு ஓடி உப்பு டப்பாவில் விரலை விட்டு நக்கினேன். இனித்தது.

"உங்க பிரஷருக்குப் பயந்து உப்ப ஒளிச்சு வெச்சிருக்கேன். அதுல இருக்கிறது சக்கரை," என்றாள் மனைவி.

இவ்வளவு நாளும் தாளுக்குச் சர்பத் கொடுத்திருக்கிறேன்!

எங்கள் சத்தத்தில் விழித்தவன், விஷயம் தெரிந்ததும் குளியலறைக்கு ஓடினான். நுரை மேகத்தைத் தொடும் அளவுக்குச் சோப்புப் போட்டான். இலை அசையவில்லை.

"வெறும் கறைதான் அக்கா," என்றான் வெளியே வந்து.

"கறைக்குக் காம்பு இருக்குமாடா?"

அவள் இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் பிடித்தாள். அவன் நெடுநேரம் பார்த்தான். ஓரக்கண்ணால் சைக்கிளையும் பார்த்தான்.

"இத கீழ எறக்க ஒரு கை குடுங்க அத்தான்," என்றான் கடைசியில். "படந்தான். நரம்புகூடத் தெரியுது."